புத்தரைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வீட்டு அலமாரியில் பித்தளைப் புத்தர் சிலை வைப்பது இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. குத்துவிளக்கைப் போலவே அதையும் புளி, செங்கல்பொடி போட்டுத் தேய்க்கிறோம். இது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து.

புத்தர் சிலையின் அர்த்தம் பளபளப்பில் இல்லை, நுணுக்கமான வடிவங்களில் இருக்கிறது. வலக்கை விரல்கள் தரையைத் தொட்டால், அவர் பூமியைச் சாட்சிக்கு அழைக்கிறார். உள்ளங்கையைக் காட்டிக் கையை உயர்த்தினால் "அஞ்சாதே" என்று பொருள். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் பலரின் தலை உச்சியில் தீச்சுடர் ஒன்று உண்டு. அது ஞானத்தின் அடையாளம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

புளியின் அமிலம் கறையோடு கொஞ்சம் உலோகத்தையும் கரைக்கிறது. செங்கல்பொடி கீறுகிறது. வருடக்கணக்கில் தேய்த்தால் முதலில் மழுங்குவது கண்ணும் விரலும்தான். மேலே சீராகப் படியும் கருமை அழுக்கு அல்ல, உள்ளிருக்கும் உலோகத்துக்குப் போர்வை. மெல்லிய உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, ஈரம் படாமல் வைத்தால் போதும். பழைய சிலையில் பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் மாறும் என்று சொன்னவர் கொஞ்சம் கறுத்தால்தான் என்ன?