குரலும் பயிற்சியும்

இனிய குரல் பிறவியிலேயே அமைவது என்றும், அஃது அமையாதார் பேசவும் பாடவும் முயல்வது வீண் என்றும் கூறுவோர் பலர். இக்கூற்று பொருந்துவதன்று.

மூச்சுக்காற்று மிடற்றிலுள்ள குரல்நாண்கள் இரண்டையும் அதிரச்செய்ய, ஒலி பிறக்கின்றது. நாவும் இதழும் அதனைச் சொல்லாக்குகின்றன. நம் குரலை நம் செவியே கேட்டுப் பிழையை உணர்த்த, மூளை அதனைத் திருத்துகின்றது. 1854-இல் சிறு கண்ணாடிகளின் துணையால் தம் குரல்நாண்களின் இயக்கத்தைத் தாமே கண்டவர் மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். மடையைத் திறந்தும் அடைத்தும் நீரை ஆளும் உழவனைப்போல, மூச்சை ஆளப் பழகுவதே குரற்பயிற்சி.

செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908-இல் தஞ்சைத் தரணியில் பிறந்தவர். இளமையில் அவர் குரல் கரகரத்தது. பாட்டை விடுத்து வயலின் பயிலுமாறு இசைப்பெரியார் ஒருவர் அறிவுறுத்தினார். அவரோ அயராது சாதகம் செய்தார். 1947-இல் ‘சங்கீத கலாநிதி’ விருது பெற்றார்.

எனினும் பயிற்சி வேறு, நோய் வேறு. கூச்சலிட்டால் குரல்நாண்கள் புண்படும். கம்மல் மூன்று வாரத்திற்குமேல் நீடித்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மாணவர்களே! உடன் பயில்வோன் குரல் கரகரத்தாலும், சொல் திக்கினாலும் எள்ளி நகையாடாதீர். பொறுமையுடன் கேளுங்கள். அச்சம் நீங்கினாலன்றோ பயிற்சி பயன்தரும்?