ரிஷிவந்தியம் கரும்பும் நாளைய தொழில்நுட்பமும்

ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு போடும் விவசாயி, வெட்டும்போது என்ன விலை கிடைக்கும் என்றுதான் கணக்குப் போடுவார். இருபது ஆண்டு கழித்துக் கரும்புக்குச் சர்க்கரையில் மதிப்பா, எரிபொருளில் மதிப்பா என்று பார்க்க வேண்டியது அரசு.

இப்படி முன்கூட்டி யோசிக்கவே 1988-ல் டைஃபாக் என்னும் தொழில்நுட்ப முன்கணிப்பு அமைப்பு இந்தியாவில் உருவானது. அப்துல் கலாம் தலைமையில் அது தயாரித்த 'தொலைநோக்கு 2020' 1996-ல் வெளிவந்தது. ஜப்பான் 1971-லேயே இத்தகைய ஆய்வைத் தொடங்கிவிட்டது.

ஆனால் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் கணித்தால் போதுமா? பிரேசில் கரும்பு எத்தனால் திட்டத்தை 1975-ல் தொடங்கியது. இந்தியா பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது 2003-ல். இடையில் 28 ஆண்டுகள்!

கரும்பு விளையும் பிரேசில், இந்தியா, தாய்லாந்து ஆகிய நாடுகளாவது ஒன்றுசேர்ந்து கணிப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதில் விஞ்ஞானிகளோடு விவசாயிகளுக்கும் இடம் வேண்டும். கணிப்பு தவறினால் நஷ்டப்படுவது அவர்கள்தானே?