சீலகாந்த் நம் பாட்டனா?

1938 டிசம்பரில், தென் ஆப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய மீன்களிடையே நீலநிற மீனொன்றை அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்தார். அது சீலகாந்த் என்று ஜே. எல். பி. ஸ்மித் கண்டறிந்தார். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இனம்! அதன் துடுப்புகள் சதைத் தண்டுகளின்மேல் அமைந்து கால்களை நினைவூட்டின. ஸ்மித் பிற்பாடு எழுதிய நூலுக்கு 'கிழட்டு நாலுகாலி' என்றே பெயர் வைத்தார். நிலத்தில் நடக்கும் விலங்குகளுக்கு நெருங்கிய உறவு இதுவா, நுரையீரல் மீனா என்று எலும்புகளை வைத்து வெகுகாலம் வாதிட்டார்கள்.

ஏட்டுச் சுவடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? படியெடுப்பவர் கை தவறினால், அந்தப் பிழை அதைப் பார்த்து எழுதிய எல்லாப் படிகளிலும் இறங்கிவிடும். இரு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டுக்கும் தாய்ச்சுவடி ஒன்று என ஊகிக்கலாம். சரியான பாடம் இரண்டிலும் இருப்பது மட்டும் நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. ஜீன்களும் தலைமுறைதோறும் இப்படித்தான் படியெடுக்கப்படுகின்றன. 2013இல் சீலகாந்தின் ஜீன் தொகுதியைப் படித்தவர்கள் 251 ஜீன்களைப் பல விலங்குகளோடு ஒப்பிட்டார்கள். நமக்கு நெருங்கியது நுரையீரல் மீன்தான். சீலகாந்த் சற்று எட்டிய பங்காளி.

இன்னொன்றும் தெரிந்தது. சீலகாந்தில் புரதங்களை ஆக்கும் ஜீன்கள் நிலவிலங்குகளில் மாறுவதைவிட மெதுவாக மாறியிருக்கின்றன. ஆனால் நின்றுவிடவில்லை. ஜீன் தொகுதிக்குள் இடம் மாறித் தாவும் துண்டுகளும் அதில் சுறுசுறுப்பாகவே இருந்திருக்கின்றன. ஆகவே 'வாழும் புதைபடிவம்' என்ற தொடரைப் பாடநூல்கள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பெயர்தான் மாணவரைக் கவர்கிறது என்கிறார் எங்கள் கல்லூரி விலங்கியல் நண்பர். கவரட்டும், ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓர் உயிர் மாறாமலே இருந்தது என்றல்லவா படிப்பவர் எண்ணுவார்?

அதற்காக இனிப் புதைபடிவங்கள் வேண்டாம் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. நான் இயற்பியல் ஆசிரியன். யுரேனியம் எந்தப் பாறையில் இருந்தாலும் ஒரே வேகத்தில்தான் சிதைகிறது. ஜீன் கடிகாரமோ விலங்குக்கு விலங்கு வேறு வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மணி திருத்தப் பாறையும் படிவமும் வேண்டும். மேலும், யார் யாருக்கு உறவு என்று ஜீன் சொல்லும். கரையேறிய மூதாதையின் உருவத்தைச் சொல்லாது. 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த டிக்டாலிக்கின் கழுத்தையும் மணிக்கட்டு எலும்புகளையும் எந்த ஜீனிலிருந்தும் படித்திருக்க முடியாது.