வீட்டுக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? என் ஓட்டு டெஸ்க்டாப்புக்கே

1.
போன வாரம் ஓபியில் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. பொண்ணு பதினொன்றாம் வகுப்பு. மூணு மாசமா கழுத்து வலி, சாயந்திரமானா பின்மண்டை வலி.
"ஸ்கேன் எடுத்துடலாமா சார்?" குரலில் பயம்.

பரிசோதித்துப் பார்த்தேன். கையில் மரமரப்பு இல்லை. பலம் குறையவில்லை. காய்ச்சல் இல்லை.
"எங்க உக்காந்துமா படிக்கிறே?"
"கட்டில்ல சார். அண்ணனோட பழைய லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு."
ஸ்கேன் தேவைப்படவில்லை.

2.
கிளம்பும்போது அந்த அம்மா கேட்டாங்க. "அந்த லேப்டாப் ரொம்ப ஸ்லோ சார். புதுசு வாங்க 40,000 சேர்த்து வெச்சிருக்கோம். எந்த லேப்டாப் நல்லது?"
"லேப்டாப் வேணாம்மா. டெஸ்க்டாப் வாங்குங்க" என்றேன்.
"இப்பல்லாம் அதை யாரு சார் வாங்குறாங்க?"

நியாயமான கேள்விதான். இந்த த்ரெட் அதற்கான பதில். நான் கம்ப்யூட்டர் நிபுணர் இல்லை. ஆனால் கடையில் ரேம் எவ்வளவு, ப்ராசசர் எதுன்னு சொல்வாங்களே தவிர, உங்கள் பிள்ளையின் கழுத்தைப் பற்றி யாரும் பேச மாட்டாங்க. அதை நான்தான் பேசணும்.

3.
லேப்டாப்பில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. எந்த கம்பெனி, என்ன விலை என்றாலும் அது மாறாது. திரையும் கீபோர்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டியே இருக்கும்.

கைக்கு வசதி வேண்டும் என்றால் கீபோர்டு முழங்கை மட்டத்தில் இருக்கணும். கழுத்துக்கு வசதி வேண்டும் என்றால் திரையின் மேல் விளிம்பு கிட்டத்தட்ட கண் மட்டத்தில் இருக்கணும். லேப்டாப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஒன்று கழுத்து குனியணும், இல்லை தோள் தூக்கணும். நாம் எல்லோரும் குனிகிறோம்.

4.
நம் தலை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது எலும்பு தாங்கும். குனிந்தால் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கணும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

2014-ல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ சுமை என்று கணக்குப் போட்டார். வாட்ஸ்அப்பில் நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. அது மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, மனிதர்கள் மீது அளந்தது இல்லை. ஆகவே அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குனியக் குனிய சுமை கூடும் என்பது மட்டும் உண்மை.

5.
அடுத்து மடி. பேரிலேயே 'லேப்' இருந்தாலும் அது மடியில் வைக்கும் பொருள் இல்லை.

2005-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 29 ஆண்கள் ஒரு மணி நேரம் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். விதைப்பை வெப்பநிலை 2.5 டிகிரிக்கும் மேல் ஏறியது. இதனால் குழந்தை பிறக்காது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் விந்தணு உற்பத்திக்குச் சூடு ஆகாது என்பது தெரிந்த விஷயம்.

தினமும் ஒரே இடத்தில் மிதமான சூடு பட்டால் தொடையில் வலை பின்னியது போலப் பழுப்புத் தடம் விழும். கணப்பு அடுப்பு முன்னால் உட்காருபவர்களுக்கு வந்த பிரச்சினை, இப்போது மாணவர்களுக்கும் வருகிறது.

6.
கண்ணுக்கு வருவோம். போனை ஒரு அடி தூரத்தில் பிடிக்கிறோம். லேப்டாப் அதைவிடக் கொஞ்சம் தள்ளி. டெஸ்க்டாப் மானிட்டரை ஒரு கை நீளத் தூரத்தில் வைக்கலாம், எழுத்தும் பெரிதாகத் தெரியும். கிட்டப்பார்வை கூடும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் முக்கியம். ஆன்லைன் வகுப்பை போனில் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. டேப்லெட்டும் குனிந்தே பார்க்க வைக்கும். படம் பார்க்கலாம், மணிக்கணக்கில் படிக்க வேண்டாம்.

ப்ளூ லைட் கண்ணாடிக்குக் காசு செலவழிக்காதீங்க. 2023-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வில் அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்க. அடிக்கடி கண் சிமிட்டுங்க. பிள்ளைகளைத் தினமும் வெளியே வெளிச்சத்தில் விளையாட விடுங்க. இது மூன்றுமே இலவசம்.

7.
நான் டெஸ்க்டாப்புக்கு ஓட்டுப் போட இன்னொரு காரணமும் உண்டு. இது மருத்துவப் புத்தகத்தில் இல்லை.

டெஸ்க்டாப் ஹாலில் இருக்கும். கதவைச் சாத்திக்கிட்டு ராத்திரி 2 மணிக்குப் போர்வைக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. பிள்ளை என்ன பார்க்குதுன்னு வேவு பார்க்கவே வேண்டாம், போற வர்றவங்க கண்ணில் படும்.

லேப்டாப் ஒருத்தருடையது, டெஸ்க்டாப் வீட்டினுடையது. அண்ணன் ஹாஸ்டலுக்குக் கிளம்பினால் லேப்டாப்பும் அவன் கூடவே போயிடும், தங்கச்சிக்குக் கிடைப்பது அவன் கழித்துப் போட்ட பழசு. டெஸ்க்டாப் எங்கேயும் போகாது.

8.
சரி, யாருக்கு லேப்டாப்?
• ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள்
• வேலைக்காகத் தினமும் தூக்கிப் போகிறவர்கள்
• மேசை போட இடமே இல்லாத ஒற்றை அறை வீட்டுக்காரர்கள்
• மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊர்க்காரர்கள்

இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம். நான்கைந்து தடி புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை அதன்மேல் வைங்க. தனியாக ஒரு சாதாரண கீபோர்டும் மவுஸும் வாங்குங்க, சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். மூணாவது பாயிண்டில் சொன்ன சிக்கல் அத்தோடு தீர்ந்தது.

9.
டெஸ்க்டாப் வாங்குபவர்களுக்கு:
• எஸ்எஸ்டி கட்டாயம். ரேம் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம், 16 இருந்தால் பல வருஷம் ஓடும்.
• ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ செகண்ட் ஹேண்ட் வாங்கினால், விண்டோஸ் 11 ஏறுமா என்று முதலில் கேளுங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம்.
• வைஃபை, கேமரா, மைக் உள்ளேயே இருக்கும்னு நினைச்சுடாதீங்க. கேட்டு வாங்குங்க.
• சின்ன யுபிஎஸ் ஒன்று. கரண்ட் போனால் சேவ் பண்ணி அணைக்க அது போதும்.
• ஆல்-இன்-ஒன் பார்க்க அழகு. ஆனால் திரை போனால் மொத்தமும் போகும்.
• இடம் குறைவா? உள்ளங்கை அகல மினி பிசி இருக்கு. தனி மானிட்டர் மாட்டிக்கலாம்.
• கொஞ்சம் பணம் நாற்காலிக்கு மிச்சம் வைங்க. கால் பாதம் தரையில் பதியணும், முதுகுக்குச் சாய்மானம் வேணும்.

10.
ஒரு எச்சரிக்கை. கழுத்து வலியோடு கை மரத்துப் போவது, கைப்பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சல், கடுமையான தலைவலி - இதில் எது இருந்தாலும் மேசை நாற்காலியை மாற்றிக்கிட்டு இருக்காதீங்க. உடனே மருத்துவரைப் பாருங்க.

11.
இதையெல்லாம் நான் அந்த அம்மாவிடம் விளக்கிக்கிட்டு இருந்தபோது பொண்ணு குறுக்கே கேட்டா:
"சார், அண்ணன் லேப்டாப்புல எஸ்எஸ்டி போட்டு, ஒரு மானிட்டரும் கீபோர்டும் மாட்டினா அதுவே டெஸ்க்டாப் மாதிரிதானே?"

ஒரு நிமிஷம் நான் பேசவே இல்லை. அவ சொன்னதுதான் சரி. விண்டோஸ் 11 ஏறுற மெஷினா இருந்தா, சேர்த்து வெச்ச 40,000-ல் பாதிக்கு மேல் மிச்சம்.

எந்தப் பெட்டி என்பது இரண்டாவது கேள்வி. திரை கண் மட்டத்தில், கை முழங்கை மட்டத்தில், மெஷின் ஹாலில் - இதுதான் முதல் கேள்வி. கடைக்குப் போகும் முன், வீட்டில் மேசை எங்கே போடப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க.

பயன்படும் என்று நினைத்தால், இந்த வருஷம் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் ஒரு குடும்பத்துக்கு அனுப்புங்க.