பெயர் தெரிந்த காய்ச்சலும் தாமதமாக வந்த தடுப்பூசியும்



ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில் ஒரு குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வந்தால், தாய் அதைத் தோளில் சுமந்து ஜமுனாமரத்தூருக்கோ, மலையிறங்கிப் போளூருக்கோ, வேலூருக்கோ செல்ல வேண்டும். 'இது என்ன காய்ச்சல்?' என்பதே அவள் கேட்கும் முதல் கேள்வி.

எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இம்மலையைச் சுற்றிய வட ஆற்காடு மாவட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு என்று குழந்தைகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டனர். மருத்துவர்கள் வெப், பெரேரா இருவரும் 1956இல் இந்நோயைப் பற்றி எழுதினர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955இல் இனங்காணப்பட்டது இப்பகுதியில்தான்.

நோய் எப்படி வருகிறது? கேரி, ரூத் மயர்ஸ், ரேச்சல் ரூபன் ஆகியோர் கொசுக்களைப் பிடித்து ஆராய்ந்தனர். கொசுக்களிலிருந்தே இவ்வைரஸைப் பிரித்தெடுத்ததை 1968இல் வெளியிட்டனர். கொக்கு, நாரை போன்ற பறவைகளிலும் பன்றிகளிலும் இவ்வைரஸ் பெருகுகிறது. நெல் வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. ஒரு மனிதரிடமிருந்து கொசு வழியாக இன்னொருவருக்கு இது பரவுவதில்லை. எனவே நோயுற்ற குழந்தையின் வீட்டை ஒதுக்கிவைக்கக் காரணமே இல்லை.

பின்னர் மதுரையிலுள்ள மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் இயக்குநராகப் பணியாற்றிய ரேச்சல் ரூபன், உழவருக்குப் பழக்கமான பொருளிலேயே தீர்வு தேடினார். வேப்பம்புண்ணாக்கு சேர்த்த யூரியாவை இட்டு, நீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் வயலில் கொசுப் புழுக்கள் குறைகின்றன என்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் எடுத்துரைத்தனர்.

ஆனால் நம் மனத்தை உறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜப்பானில் 1954 முதலே இதற்குத் தடுப்பூசி இருந்தது. நம் நாட்டிலோ, 2005இல் உத்தரப்பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள், இறந்த பிறகே, 2006இல் பெரிய அளவில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. நோயை அறிந்ததற்கும் குழந்தைகளைக் காக்கப் புறப்பட்டதற்கும் இடையே அரை நூற்றாண்டு! அறிவியலாளர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். இறந்தவர்கள் நகரத்து வசதி படைத்தோரின் பிள்ளைகளாக இருந்திருந்தால் இத்தனை தாமதம் ஆகியிருக்குமா?

கடும் நோயாக மாறினால் பத்தில் மூவர் வரை இறக்க நேரிடும் இக்காய்ச்சலுக்கு இன்றும் தனி மருந்து இல்லை; தடுப்பே வழி. நோய் காணப்படும் மாவட்டங்களில் ஒன்பதாம் மாதத்திலும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள்ளும் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. மாலையிலும் இரவிலும் கடிக்கும் இக்கொசுவுக்குக் கொசுவலை நல்ல காவல். காய்ச்சலோடு வலிப்போ, மயக்கமோ கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

நம் ஊரில், நம் அன்பியத்தில், தடுப்பூசி போடாமல் விடுபட்ட குழந்தை உண்டா? மலையிறங்க வண்டியில்லாத தாய் உண்டா? விசாரிப்போம். அரை நூற்றாண்டுத் தாமதம் நம் வாசலிலும் தொடர வேண்டாம்.