வெயில் இருந்தும் விட்டமின் டி இல்லாத பிள்ளைகள்

எனது பத்தாம் தர மாணவி ஒருவர் சென்ற தவணை முழுவதும் கால் வலி, களைப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படிப்புக்குக் கள்ளம் என்று அவருடைய உம்மா நினைத்தார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். இரத்தப் பரிசோதனை செய்தபோது விட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது.

பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கும் கண்டியில் இது எப்படி? 2008இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, கண்டியில் வாழும் 196 பேரையும் நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் 242 இலங்கையரையும் ஒப்பிட்டது. கண்டியின் சராசரி 54 நானோமோல். ஒஸ்லோவில் 32ஐக்கூட எட்டவில்லை. நிம்மதி அடையலாம் போலிருக்கும். ஆனால் போதுமானது என்று பொதுவாகக் கொள்ளப்படும் அளவே 50தான். சராசரியே அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறதென்றால் எத்தனை பேர் அதற்குக் கீழே இருப்பார்கள்! அதுவும் அவர்கள் பெரியவர்கள். டியூஷன் வகுப்புக்கு ஓடாதவர்கள்.

எமது பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். சுபஹுக்குப் பின் வேனில் ஏறினால் ஏழரைக்கு வகுப்பறை. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டால் மீண்டும் வேன், பிறகு டியூஷன், குர்ஆன் மத்ரஸா. வேன் கண்ணாடி வழியாகப் படும் வெயிலால் பயனில்லை. விட்டமின் டியை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். "அஸருக்குப் பிறகு விளையாட விடுகிறோமே" என்பார்கள் பெற்றோர். இங்குதான் தவறு நடக்கிறது. நிழல் நமது உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரத்து வெயிலில்தான் தோல் இந்த விட்டமினை நன்றாக உருவாக்கும். நிழலை வைத்து அஸர் நேரம் கணிக்கக் கற்ற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அஸர் வக்து வரும்போது அந்த வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு எமது கருமையான தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

உடை பற்றியும் பேசத்தான் வேண்டும். பர்தாவைக் குறை சொல்ல இதை ஓர் ஆயுதமாக எடுப்போர் உண்டு. அதற்குப் பயந்து நாம் வாயை மூடிக்கொள்வதும் உண்டு. உடல் முழுவதும் மூடும் உடை ஒரு காரணி என்பது உண்மை. ஆனால் ஹிஜாப் அந்நிய ஆண்கள் முன்னிலையில்தான். சொந்த மொட்டை மாடியில் அல்ல. அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வீடுகள் நெருங்கி நெருங்கி எழுந்து, பெண் பிள்ளைகளுக்கு மறைவான முற்றம் என்று ஒன்று இல்லாமல் போனதே பெரிய பிரச்சினை. ஹிஃப்ழ் மத்ரஸாவில் காலை முதல் இரவு வரை உள்ளேயே அமர்ந்திருக்கும் ஆண் பிள்ளைகளை என்ன சொல்வது? அவர்களுக்கு உடை தடையில்லையே.

உணவால் மட்டும் ஈடுசெய்வது கடினம். சாளை போன்ற கொழுப்பு மீன், முட்டை மஞ்சள் கரு, விட்டமின் சேர்த்த பால்மா ஆகியவை ஓரளவு உதவும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 அலகு பரிந்துரைக்கப்படுகிறது. அதற்காகப் பாமசியில் தாமாகவே மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் உயரம், நிறை, பல், கண் பார்ப்பார்கள். இதற்கான இரத்தப் பரிசோதனை அதில் இல்லை. தனியார் ஆய்வுகூடத்தில் செய்தால் ஆயிரக்கணக்கில் செலவு. ஆகவே ஓயாத கால் வலி, வளையும் கால்கள், அடிக்கடி வரும் களைப்பு ஆகியவற்றைக் கண்டால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களாகிய எமக்கும் இதில் பங்குண்டு. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்கிப் பாடம் நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த தவணைக்கான நேரசூசி இப்போது தயாராகிறது. உடற்கல்வியை இடைவேளைக்கு அடுத்த பாடவேளையாகப் போடும்படி கேட்டிருக்கிறேன். கணித ஆசிரியர் இன்னும் சம்மதிக்கவில்லை.