க்யூட்டா குறட்டை விடுதா? கொஞ்சம் கவனிங்க பாஸ்!

டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்த கூட்டம்தானே நாம? அதுல டாமைத் துவைச்சுக் காயப்போடுற ஸ்பைக்கை மறக்க முடியுமா? புல்டாக்னாலே நமக்கு அந்த இமேஜ்தான். மூஞ்சியைப் பார்த்தாலே 'இன்னிக்கு நாம காலி'ன்னு தோணும். ஆனா, நிஜ புல்டாக் அப்படியே உல்டா!

வீட்டு ஆளுங்க காலடியில படுத்துக் கிடக்கும். குழந்தைங்ககிட்ட செம பொறுமை. தேவையில்லாம குரைக்காது. பிடிவாதம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. வாக்கிங் போகும்போது பாதி வழியில உட்கார்ந்துட்டா, நீங்க கெஞ்சணும்!

இத்தனைக்கும் இதோட பழைய 'ஜாப் ப்ரொஃபைல்' பயங்கரம். இங்கிலாந்துல காளையைக் கட்டிவெச்சு, நாயை ஏவிவிட்டு, காளையோட மூக்கைக் கவ்வ வைப்பாங்க. அதுக்காகவே வளர்த்த நாய் இது. 1835-ல சட்டம் போட்டு அந்த விளையாட்டைத் தடை பண்ணிட்டாங்க. வேலை போன புல்டாக், டாக் ஷோவுக்கு வந்துச்சு. சாதுவான நாய்களையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் பண்ணினதுல, முரட்டுக்குணம் காணாமப் போச்சு.

ஒரு சாம்பிள். அமெரிக்காவுல ஜார்ஜியா யுனிவர்சிட்டியோட சின்னமே 'அகா'ங்கற வெள்ளை புல்டாக்தான். 1956-ல ஆரம்பிச்ச பரம்பரை. 2019 புத்தாண்டு அன்னிக்கு நியூ ஆர்லியன்ஸ்ல ஃபுட்பால் மேட்ச். எதிர் டீமான டெக்சாஸோட சின்னம், பெவோங்கற நீளக்கொம்புக் காளை. போட்டோ எடுக்கக் கொண்டுவந்த இடத்துல, அது தடுப்பைத் தள்ளிட்டு அகா பக்கமா பாய்ஞ்சுடுச்சு! நாயை அவசரமா இழுத்துக் காப்பாத்தினாங்க. காளையை அடக்கின வம்சத்தோட இன்றைய நிலைமை இதுதான்!

இன்னொரு விஷயம். மைதானத்துல அகாவுக்குன்னு ஏ.சி. வெச்ச தனி வீடு இருக்கு. பந்தான்னு நினைக்காதீங்க. அங்கேதான் மேட்டரே!

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஈஸியா புரியும். நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தும். அதோட மூக்கு ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஷோவுல ஜெயிக்கணும்னு தலைமுறை தலைமுறையா மூஞ்சியைச் சப்பையாக்கிட்டே போனாங்க. மூஞ்சி சுருங்கிச்சு, உள்ளே இருக்குற சதை அதே அளவுக்குச் சுருங்கல. மூக்கு ஓட்டை குறுகல், தொண்டையில சதை அடைப்பு... ரேடியேட்டர் முன்னாடி சாக்கு கட்டின கார் மாதிரி!

அதனால, 'ஐயோ, ஸோ க்யூட்!'னு நாம வீடியோ எடுக்குறோமே அந்தக் குறட்டை... அது மூச்சுக்குப் போராடுற சத்தமா இருக்கலாம்.

லண்டன் ராயல் வெட்னரி காலேஜ் 2022-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டுச்சு. மத்த நாய்களைவிட புல்டாக்குக்கு ஏதாவது ஒரு நோய் வர்ற வாய்ப்பு சுமார் 2 மடங்கு. தோல் மடிப்புல புண் வர்ற வாய்ப்பு 38 மடங்கு! ஆராய்ச்சியில இருந்த புல்டாக்ல 8 வயசைத் தாண்டினது 100-க்கு 10 கூட இல்ல. மத்த நாய்கள்ல 25. பிரசவமும் கஷ்டம். குட்டியோட தலை பெருசு, தாயோட இடுப்பு சின்னது. பெரும்பாலும் சிசேரியன்தான்.

ஏற்கெனவே வீட்டுல இருந்தா, விடியற்காலையில மட்டும் வாக்கிங். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சோட சேர்த்து மாட்டுற பெல்ட்தான் நல்லது. எடை கூட விடாதீங்க. முக மடிப்பைத் தினமும் துடைச்சு, ஈரமில்லாம வைங்க. வெயில் நேரத்துல மூச்சு இரைச்சு, நாக்கு நீலம் பாய்ஞ்சா, உடனே நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்புல தண்ணி ஊத்தி, காத்து படவெச்சு, டாக்டர்கிட்ட ஓடுங்க. 'கொஞ்ச நேரத்துல சரியாயிடும்'னு காத்திருந்தா உயிரே போயிடும்.

இனிமேதான் வாங்கப் போறீங்களா? குட்டியை மட்டும் பார்க்காதீங்க. தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்க. மூணு நிமிஷம் வேகமா நடக்க வெச்சு, பக்கத்துல காது வெச்சுக் கேளுங்க. கொர்... கொர்னு சத்தம் வந்தா, அந்தக் குட்டிக்கும் அதே கஷ்டம் வர வாய்ப்பு அதிகம். எவ்வளவு க்யூட்டா இருந்தாலும் வாங்காம வந்துடுங்க. சப்பை மூஞ்சிதான் வேணும்னு நாம கேட்குற வரைக்கும், அதைத்தான் உருவாக்கிக்கிட்டே இருப்பாங்க.

குணத்துக்கு 100 மார்க் வாங்குற நாய் அது. நிம்மதியா மூச்சு விடவாவது வழி பண்ணிக் கொடுப்போமே மக்கா!